எடை, நிறை, அடர்த்தி: மூன்று சொற்கள், மூன்று பொருள்கள்

(திங்கட் கூட்டமொன்றில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறிவியற்றமிழ் பற்றி ஏதேனும் பேசுக என என்னைப் பணித்தனர். யான் அறிவியல் பயின்றவன் அல்லன். தமிழ் பயின்று, தமிழ் பயிற்றுபவன். ஆயினும், என் நெஞ்சில் முப்பதாண்டுகளாக உறுத்திக் கொண்டிருக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. அதனைச் சொல்லி, அதிலிருந்து யான் கற்ற பாடத்தையும் சொல்லி அமைவேன்.

யான் ஆசிரியப் பணியேற்ற புதிது. ஈழத்திலிருந்து ஏதிலியராய் வந்த குடும்பத்து மாணவன் ஒருவன் எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தான். எட்டாம் வகுப்பு வரை அங்கே பயின்றவன். ஒரு நாள், சிவப்பு மையால் கோடு கிழிக்கப்பட்ட அறிவியல் விடைத்தாளை ஏந்திக் கொண்டு என்னிடம் வந்தான். "நிறை இடத்துக்கு இடம் மாறும், திணிவு எங்கும் மாறாது" என்று அவன் எழுதியிருந்தான். மதிப்பெண் சுழி.

"ஐயா, ஊரில் எங்களுக்கு இப்படித்தான் படிப்பித்தவை. இது பிழையோ?" என்று கேட்டான்.

யான் சற்றும் எண்ணிப் பார்த்தேனில்லை. "நிறை என்றாலும் எடை என்றாலும் ஒன்றுதான். திணிவு என்றால் செறிவு. நீ எழுதியது தவறுதான், போய்ப் படி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் சென்றான். சில திங்கள் கழித்து ஈழத்துப் பாடநூல் ஒன்றைக் காண நேர்ந்தது. அதன்படி அவன் எழுதியது முற்றிலும் சரி. அதற்குள் அவன் குடும்பம் வேறோர் ஏதிலியர் குடியிருப்புக்கு மாறிச் சென்றுவிட்டது. பொறுத்தருளுமாறு அவனிடம் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டவேயில்லை.

அந்த விடைத்தாளில் தவறியவன் மாணவனல்லன். பொருளை அறியாமல் சொல்லை மட்டும் அறிந்திருந்த தமிழாசிரியனாகிய யானே. ஆகவே, முதலில் பொருளைக் காண்போம். சொல்லைப் பின்னர்ப் பார்ப்போம். அதுவரை தமிழகப் பாடநூல் வழக்கையே ஆள்கின்றேன். ஈழத்து வழக்கை இறுதியில் கூறுவேன்.

ஒரு செங்கல்லைக் கையில் எடுக்கிறோம். அதனுள் இவ்வளவு பொருள் அடங்கியிருக்கிறது என்னும் அளவே நிறை. அதனைக் கிலோகிராமால் குறிக்கின்றனர். அலகின் பெயர் ஆட்பெயர் போன்றது. உலகோர் வழங்கும் வண்ணமே வழங்குவதில் இழுக்கில்லை. அச் செங்கல்லை மதுரையில் வைத்தாலும், இமயத்தின் உச்சியில் வைத்தாலும், நிலாவில் கொண்டுபோய் வைத்தாலும் அதன் நிறை மாறாது. உடைத்து ஒரு துண்டை எடுத்தாலன்றி, அல்லது நீரில் நனைத்து ஈரத்தைச் சேர்த்தாலன்றிக் கூடவும் குறையவும் செய்யாது. அசையாது கிடப்பதை அசைக்க முயன்றாலும், ஓடுவதை நிறுத்த முயன்றாலும் அப்பொருள் நம்மை எதிர்க்கின்றதே, அவ்வெதிர்ப்பின் அளவும் அந்த நிறையே.

இனி, எடை யாது? அதே செங்கல்லை ஞாலம் தன் நடுவத்தை நோக்கி இழுக்கின்றது. அவ்விழுப்பு விசையே எடை. நம் கை உணர்வது அதனைத்தான். விசையாதலின் அதனை நியூட்டன் என்னும் அலகால் அளக்கின்றனர். ஒரு கிலோகிராம் நிறையுள்ள பொருளை ஞாலம் ஏறத்தாழ 9.8 நியூட்டன் விசையால் இழுக்கின்றது. நிலாவின் ஈர்ப்போ நம் ஞாலத்தின் ஈர்ப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. ஆகவே 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரின் எடை இங்கே 588 நியூட்டன்; நிலாவில் 97 நியூட்டன் அளவே. ஆனால், அங்கும் அவர் நிறை 60 கிலோகிராமே. அவர் மெலிந்துவிடவில்லை; இழுப்பு தளர்ந்திருக்கிறது, அவ்வளவே.

நிலாவுக்குப் போவானேன்? இந்த ஞாலத்திலேயே எடை இடத்துக்கு இடம் மாறுகின்றது. 1672ஆம் ஆண்டில் இரிசே என்னும் பிரெஞ்சு வானூலறிஞர், நடுக்கோட்டை அடுத்துள்ள தென்னமெரிக்கக் கயேன் என்னும் ஊருக்குச் சென்றார். பாரிசு நகரில் நொடி பிசகாமல் ஓடிய ஊசல் மணிப்பொறி, அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமையம் பின்தங்கியது. ஊசலைச் சற்றுக் குறுக்கிய பின்னரே அது சரியாக ஓடிற்று. கரணியம், அங்கே ஈர்ப்புக் குறைவு. ஞாலம் சுழல்வதாலும், முனைகளில் சற்றே தட்டையாகி நடுக்கோட்டருகே புடைத்திருப்பதாலும் வரும் வேறுபாடு அது. நடுக்கோட்டில் 9.78 ஆக இருக்கும் ஈர்ப்பு முடுக்கம் முனைகளில் 9.83 ஆகின்றது. நூற்றுக்கு அரைப் பங்கு வேறுபாடு. ஒரு கிலோகிராம் பொன்னைச் சுருள்வில்லில் தொங்கவிட்டு நடுக்கோட்டிலிருந்து முனைக்குக் கொண்டு சென்றால், ஏறத்தாழ ஐந்து கிராம் கூடினாற்போல் அவ்வில் காட்டும். பொன் ஒரு துகளும் கூடவில்லை என்பதை நினைவிற் கொள்க.

இங்கே ஒரு வினா எழும். "அப்படியாயின் நாம் கடையில் நிறுப்பது எடையையா, நிறையையா?" நல்ல வினா. இரு தட்டுத் துலாக்கோலில் ஒரு தட்டில் படிக்கல்லையும் மறு தட்டில் பண்டத்தையும் வைக்கிறோம். இரு தட்டையும் ஞாலம் ஒரே வகையாக இழுக்கின்றது. இழுப்புக் கூடினாலும் குறைந்தாலும் இரு பக்கமும் ஒருசேரவே கூடும், குறையும். ஆதலால் துலாக்கோல் காட்டுவது நிறையை. அதனை நிலாவுக்குக் கொண்டு சென்றாலும் அதே விடையைத்தான் சொல்லும். வள்ளுவப் பெருந்தகை நடுவுநிலைமைக்கு உவமையாகத் துலாக்கோலைத் தேர்ந்தது எத்துணைப் பொருத்தம் என்று எண்ணிப் பாருங்கள்! இடம் மாறினும் அதன் தீர்ப்பு மாறுவதில்லை.

சுருள்வில் அளவியோ அப்படியன்று. அது இழுப்பை, அதாவது எடையை உணர்கின்றது. அந்த எடையைக் கிலோகிராமாகப் பெயர்த்து எழுதிக் காட்டுகின்றது. இன்று கடைதோறும் இருக்கும் மின்னணு நிறுவைப் பொறிகளும் பெரும்பாலும் இவ்வகையினவே. அதனாற்றான் நுண்ணிய நிறுவைப் பொறிகளை எவ்விடத்தில் ஆளுகிறோமோ அவ்விடத்திலேயே, அறிந்த படிக்கல் ஒன்றை வைத்துச் சரிபார்க்க வேண்டியுள்ளது.

எடையே உணரப்படாத இடத்தில் நிறையை எப்படி அறிவது? 1973இல் அமெரிக்கர் அனுப்பிய இசுகைலேப் என்னும் விண்வெளி நிலையத்தில் இவ்வினா எழுந்தது. அங்கே ஞாலத்தின் ஈர்ப்பு இல்லாமல் இல்லை. நிலையமும் அதனுள் இருப்போரும் ஒருசேர விழுந்துகொண்டே ஞாலத்தைச் சுற்றி வருவதால் எடை உணரப்படுவதில்லை. தட்டும் பயன்படாது, தொங்கும் வில்லும் பயன்படாது. ஆகவே, வில் பூட்டிய இருக்கையில் ஆளை அமர்த்தி ஊசலாட விட்டனர். நிறை மிகுந்தவர் மெல்ல ஆடுவார். குறைந்தவர் விரைந்து ஆடுவார். ஆடும் காலத்தைக் கொண்டு நிறையைக் கணக்கிட்டனர். எடை உணரப்படாவிடினும் நிறை அழிவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மூன்றாவது, அடர்த்தி. "ஒரு கிலோ இரும்பு கனமா, ஒரு கிலோ பஞ்சு கனமா?" என்று சிறுவர்களை மடக்குவோமல்லவா? நிறை இரண்டிற்கும் ஒன்றே. ஆயினும், இரும்பு உள்ளங்கையில் அடங்கும். பஞ்சுக்கு மூட்டை வேண்டும். குறித்த இடத்துக்குள் எவ்வளவு நிறை அடங்கியிருக்கிறது என்பதே அடர்த்தி. நிறையைப் பருமனால் வகுத்தால் அது கிடைக்கும். ஒரு கன செண்டிமீட்டர் நீரின் நிறை ஒரு கிராம். அதே பருமனுள்ள பனிக்கட்டி 0.92 கிராம், இரும்பு 7.9, வெள்ளி 10.5, பாதரசம் எனப்படும் இதளியம் 13.6, பொன் 19.3. பனிக்கட்டி நீரில் மிதப்பதும், நீரில் மூழ்கும் இரும்பாணி இதளியத்தில் மிதப்பதும் இதனாலேயே.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீசு, அரசனின் பொன்முடியில் வெள்ளி கலந்திருப்பதைக் கண்டறிந்த கதையை உரோமக் கட்டடக்கலை அறிஞர் விட்ருவியசு எழுதி வைத்துள்ளார். முடியின் நிறையும் அரசன் கொடுத்த பொன்னின் நிறையும் ஒன்றே. ஆகவே துலாக்கோலால் கள்ளத்தைக் காண முடியவில்லை. ஆனால், நீரில் அமிழ்த்தியபோது முடி கூடுதலான நீரை வெளியேற்றியது. வெள்ளி பொன்னைவிட அடர்த்தி குறைந்தது. அதே நிறைக்குக் கூடுதல் இடம் கொள்ளும். நிறை மறைத்ததை அடர்த்தி காட்டிக் கொடுத்தது.

நம் உழவரும் இதனை அறிவர். உப்புக் கரைத்த நீரில் முட்டையை இட்டு, அது மிதந்து சிறு காசளவு வெளியே தெரியும்வரை உப்பைச் சேர்ப்பர். பின்னர் அந்நீரில் விதைநெல்லைக் கொட்டுவர். பதரும் அரைவயிறும் மிதக்கும். முற்றிய மணி அமிழும். மிதப்பதைக் களைந்து, அமிழ்ந்ததை நன்னீரில் கழுவி விதைப்பர். அடர்த்தி என்னும் சொல்லைச் சொல்லாமலே அடர்த்தியால் விதை தேரும் முறை இது.

மூன்றையும் மாணவர் நினைவில் நிறுத்த யான் இப்படிச் சொல்வதுண்டு: எடை, பொருள் இருக்கும் இடத்தைப் பொறுத்தும் மாறும், நிறை, பொருளின் அளவைப் பொறுத்தே மாறும், அடர்த்தி, பொருளின் இனத்தைப் பொறுத்து மாறும். குன்றிமணிப் பொன்னாயினும் பொற்பாளமாயினும், மதுரையிலாயினும் நிலாவிலாயினும், வெப்பநிலை மாறாதவரை பொன்னின் அடர்த்தி ஒன்றே.

அன்பர்களே! இனிச் சொல்லுக்கு வருவோம்.

"எடையையும் நிறையையும் தமிழர் குழப்பிக் கொள்கின்றனர், தமிழில் அறிவியல் நுட்பத்தைச் சொல்ல இயலாது" என்று உதட்டைப் பிதுக்குவோர் உளர். அவர்கட்கு ஒரு செய்தி. இக் குழப்பம் ஐரோப்பியர்க்கும் இருந்தது. 1889இல் பிளாட்டினமும் இரிடியமும் கலந்த மாழைக் கட்டி ஒன்றை உலகுக்கெல்லாம் ஒரே கிலோகிராமாக ஏற்று, பாரிசு நகரையடுத்த செவ்ரே என்னும் இடத்தில் வைத்தனர். வைத்த பின்னும், கிலோகிராம் என்பது எடையின் அலகா, நிறையின் அலகா என்னும் தெளிவு வழக்கில் இல்லை. 1901இல் கூடிய உலக அளவீட்டுப் பொதுமாநாடு, "கிலோகிராம் நிறையின் அலகு, எடை என்பது விசையின் இனத்தது" என்னும் கருத்துப்பட வெளிப்படையாக அறிவிக்க வேண்டியதாயிற்று. நியூட்டன் தம் பெருநூலை வெளியிட்டது 1687இல். இருநூறு ஆண்டுக்கு மேலாகியும் அவர்களுக்கே அறிவிப்பு ஒன்று தேவைப்பட்டது! 2019 மே 20 முதல் அந்த மாழைக் கட்டியையும் விடுத்து, பிளாங்கு மாறிலி என்னும் இயற்கை மாறிலியைக் கொண்டு கிலோகிராமை வரையறுத்துள்ளனர். ஆகவே குறை மொழியினதன்று. கூடிப் பேசி வரையறுக்காததே குறை. அவர்கள் கூடினார்கள், வரையறுத்தார்கள். நாம்?

நம் மொழியில் வேறுபாட்டுணர்வு பழமையானது. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் அளவுப் பெயர்களையும் நிறைப் பெயர்களையும் இரண்டாகப் பிரித்தோதி, அவற்றுக்கு முதலாக வரும் எழுத்துகள் ஒன்பது என்று வரையறுக்கின்றார். கலம், நாழி, உழக்கு என்பன கொள்ளளவு. கழஞ்சு, தொடி, பலம் என்பன நிறை. நெல்லை அளந்தோம், பொன்னை நிறுத்தோம். 'அள' என்பதும் 'நிறு' என்பதும் வேறு வேறு வினைகள். நிறையும் பருமனும் வேறு என்னும் தெளிவு இருந்தாலன்றி இப்படி இருவேறு சொல் அமையாது. அவ்விரண்டையும் ஒப்பிட்டால் பிறப்பதன்றோ அடர்த்தி?

எடை என்பது 'எடு' என்னும் வினையடியாகப் பிறந்தது. எடுக்கும் கை உணர்வது. நிறை என்பது 'நிறு' என்பதனோடு உறவுடையது, நிறைகோல் காட்டுவது. கை உணர்வது இழுப்பு. கோல் காட்டுவது பொருளளவு. தமிழகத்தில் எடையை விசைக்கும் நிறையைப் பொருளளவுக்கும் வைத்தது எத்துணைப் பொருத்தம்!

ஆனால், ஈழத்தில் வேறு. அங்கே பொருளளவைத் திணிவு என்றும், இழுப்பு விசையை நிறை என்றும் பாடநூல்களில் வழங்குகின்றனர். திணிக்கப்பட்டிருப்பதால் திணிவு, அதுவும் நல்ல தமிழே. அடர்த்தி மட்டும் இரு நாட்டிலும் ஒன்றே. இதன் விளைவைக் கருதுங்கள். "நிறை இடத்துக்கு இடம் மாறும்" என்னும் தொடர் யாழ்ப்பாணத்தில் சரி, மதுரையில் தவறு. "நிறை எங்கும் மாறாது" என்னும் தொடர் மதுரையில் சரி, யாழ்ப்பாணத்தில் தவறு. ஒரே மொழி, ஒரே எழுத்து, ஒரே சொல், இரு மாணவர், ஒருவனுக்கு மதிப்பெண், ஒருவனுக்குச் சுழி. பிறமொழிச் சொல்லைக் களைவதில் நாம் காட்டும் விழிப்பில் ஒரு பங்கையேனும் இந்த முரணைக் களைவதில் காட்டினோமா?

தனித்தமிழ் என்பது வடசொல்லை நீக்கித் தென்சொல்லை வைப்பதோடு முடிந்துவிடுவதன்று. தூய தமிழ்ச் சொல்லே இரண்டு எதிரெதிர்ப் பொருளைத் தந்தால், அத் தூய்மையால் அந்த மாணவனுக்கு என்ன பயன்?

என் கருத்தை அவைமுன் வைக்கின்றேன். முரண்படும் சொல் ஒன்றே ஒன்று, அது நிறை. எடை என்பதும் திணிவு என்பதும் முரணாதவை. ஈழத்தார் இழுப்பு விசைக்கு எடை என்பதை ஏற்கட்டும். நாம் பொருளளவுக்குத் திணிவு என்பதை ஏற்போம். இரு சாராரும் பாடநூலில் நிறை என்பதைக் கலைச்சொல்லாக ஆள்வதை விடுத்து, இலக்கியத்துக்கும் வழக்குக்கும் உரியதாக்குவோம்.

இது எளிதன்று. அணு நிறை, நிறை எண் எனத் தமிழகத்தில் வேரூன்றிய தொடர்களை அணுத்திணிவு, திணிவெண் என மாற்ற வேண்டிவரும். சற்று முன் யானே புகழ்ந்த சொல், தொல்காப்பியர் வாயில் வழங்கிய சொல், அதனை விட்டுக்கொடுப்பதா என்று உங்களிற் சிலர்க்கு நெஞ்சு குமுறும். எனக்கும் குமுறுகின்றது. திணிவு என்பதைக் கேட்டவுடன் அடர்த்தி என்று மயங்க இடமுண்டு என்பதும் உண்மை. அன்று யானே அப்படித்தான் மயங்கினேன். இதனினும் நல்ல வழி காட்டுவோர் இருப்பின் மகிழ்ந்து ஏற்பேன். இரு நாட்டு இயற்பியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே அவையில் அமர்ந்து முடிவு செய்யட்டும். எதை விடுவது, எதைக் கொள்வது என்பதைக் காட்டிலும், ஒன்றாகக் கொள்வதே முதன்மை.

அதுவரை நாம் செய்யத்தக்கவை இரண்டு. அறிவியல் எழுதுவோர், முதன்முறை அச்சொல் வருமிடத்தில் "நிறை, ஈழ வழக்கில் திணிவு" என்று ஒரு வரி சேர்த்து எழுதுக. இரண்டாவது, தமிழாசிரியர்களாகிய நாம் ஒரு சொல்லைச் சரியென்றும் தவறென்றும் தீர்ப்புக் கூறுமுன், அச்சொல் சுட்டும் பொருளை ஒரு முறையேனும் கையில் எடுத்துப் பார்ப்போமாக. துலாக்கோலும் சுருள்வில்லும் உப்பு நீரும் ஒரு முட்டையும் போதும்.

எந்த ஊரில் இருக்கின்றானோ, அந்த மாணவன் இன்று நாற்பதைக் கடந்திருப்பான். அவன் விடைத்தாளை இப்போது யான் திருத்துவதாயின், முழு மதிப்பெண் இட்டு, ஓரத்தில் ஒரு வரி எழுதுவேன்: "நீ எழுதியது சரி; பிழை எங்களுடையது." அவன் பிள்ளைகளுக்கும் நம் பிள்ளைகளுக்கும் அப்பிழை நேராமற் காப்பது நம் கடன்.